அந்துப்பூச்சிகளின் பெயரும் பேரினமும்

2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியலார் தக்காளிச் செடிகளின் இலைகளில் ஒரு புதுவகைச் சேதத்தைக் கண்ணுற்றனர். இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் அப்படியே இருக்க, நடுவிலுள்ள பசும்பகுதி மட்டும் தின்னப்பட்டுக் கண்ணாடித் தாள்போன்ற அகன்ற திட்டுக்கள் தோன்றியிருந்தன. காய்களில் ஊசியாற் குத்தினாற்போன்ற சிறு துளைகள் இருந்தன. அதே பருவத்தில் மகாராஷ்டிரத்திலிருந்தும் இத்தகைய செய்தி கிடைத்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 2006-இல் ஸ்பெயின் நாட்டில் முதன்முதலாக ஐரோப்பிய மண்ணில் காலூன்றி, எட்டே ஆண்டுகளில் இந்தியாவை எட்டிவிட்ட தக்காளி ஊசிப்புழுதான் அது.

இச்சேதத்தைக் களத்திற் கண்டவர்களுள் பலர் முதலில் இதனை ஒரு பொருட்டாகக் கருதாமலிருந்திருக்கக் கூடும். அதற்கு நியாயமும் உண்டு. ஏனெனில், தக்காளி இலையில் கோடு விழுவது நம் பக்கத்துக் குடியானவர்களுக்குப் புதிதன்று. 1990-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த லிரியோமைசா டிரைபோலியை என்னும் இலைச் சுரங்க ஈயும் இலைக்குள் புகுந்தே தின்கிறது. ஆனால் ஈயின் புழு தோண்டும் சுரங்கம் பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து வளைந்து செல்லும். ஊசிப்புழுவினது நாளடைவில் ஒரு திட்டாகப் பரந்துவிடும். ஐயம் ஏற்படின் இலையைக் கிழித்துப் புழுவையே பார்த்துவிடலாம். ஈயின் புழுவிற்குத் தலையென்று தனியே ஓர் உறுப்புத் தெரியாது, காலும் கிடையாது. அந்துப்பூச்சியின் புழுவிற்கோ பழுப்பு நிறத் தலையும், மார்பில் மூன்று இணைக் கால்களும் உண்டு. ஊசிப்புழுவிற் குறிப்பாகத் தலையை அடுத்துக் குறுகிய கரும்பட்டையொன்றும் காணப்படும். ஒன்று ஈ வரிசையைச் சேர்ந்தது. மற்றொன்று செதிலிறகு வரிசையைச் சேர்ந்தது. இரண்டிற்கும் இயற்கைப் பகைவர்களும் வேறு, மருந்தும் வேறு. ஆகவே, ‘இது என்ன பூச்சி?’ என்ற வினாவிற்குச் சரியான விடை கிடைக்கும்வரை மற்றெந்த ஆலோசனையும் பயன்படாது.

இக்கட்டுரை, அவ்விடை எவ்வாறு கிடைக்கிறது என்பதைப் பற்றியது. வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பள்ளிகளில் ஓரளவு சொல்லிக் கொடுக்கிறோம். அந்துப்பூச்சிகளை விளக்கைச் சுற்றும் விட்டில் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட செதிலிறகிகள் ஏறத்தாழ 1,57,000 இனங்கள். அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் 19,000-க்கும் குறைவே. எஞ்சியவை யாவும் அந்துப்பூச்சிகள். இந்தியாவில் மட்டும் அவை பத்தாயிரத்திற்கு மேற்பட்டவை. பயிரைத் தின்பவை, பட்டுத் தருபவை, பிற பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுபவை எல்லாம் இக்கூட்டத்தில் உண்டு. பெரும்பாலானவற்றிற்கு எந்த இந்திய மொழியிலும் பெயர் கிடையாது.

ஒரு பூச்சியின் பெயர் ஏழு முறை மாறிய கதை

ஊசிப்புழுவின் தாய்ப்பூச்சியை 1917-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் எட்வர்டு மெய்ரிக் என்ற ஆங்கிலேயர். மாதிரி கிடைத்த இடம் பெரு நாட்டின் மலைநகரான உவாங்காயோ. அவர் அதற்கு இட்ட பெயர் தோரிமேயா அப்சொலூட்டா என்பது. முதற்சொல் பேரினத்தைக் குறிப்பது. இரண்டாவது சொல் இனத்தைக் குறிப்பது. (லத்தீன எழுத்தில் முதற்கண் ‘ப்’ என்ற ஒலியொன்று நிற்கிறது; தமிழ் நாவிற்கு அது ஏறாதாகையால் விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொள்ளும் இச்சிறு உரிமையை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.)

பின்னர் வந்த அறிஞர்கள் இப்பூச்சியின் உறவு முறையைப் பற்றி மாறுபட்ட கருத்துக் கொண்டனர். 1960-களில் ஒருவர் இதனை நோரிமோஸ்கீமா என்ற பேரினத்தில் வைத்தார். செக் நாட்டறிஞர் பொவொல்னி 1964-இல் ஸ்குரோபிபால்புலா என்ற பேரினத்திற்கு மாற்றினார். 1987-இல் அவரே ஸ்குரோபிபால்புலாய்டஸ் என்பதற்கு மாற்றினார். 1994-இல் மறுபடியும் டூட்டா என்ற பேரினத்திற்கு மாற்றினார். பூச்சி ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பரவிய காலத்தில் டூட்டா அப்சொலூட்டா என்ற பெயரே வழக்கிலிருந்ததால், நம் நாட்டுத் துண்டுப் பிரசுரங்களிலும் அதுவே இடம்பெற்றது. 2021-இல் சாங், மெட்ஸ் என்ற இருவர் இக்குழுவினைச் சேர்ந்த பூச்சிகளின் உடலமைப்பை முறையாக ஒப்பிட்டு, இது தோரிமேயாவையே சேர்ந்தது என்று முடிவு கூறினர். நூற்றாண்டுக்கு மேல் ஊர் சுற்றிய பெயர் பிறந்த வீட்டிற்கே திரும்பி வந்துவிட்டது! தலைப்பில் ஏழு என்றேன். எண்ணிப் பார்ப்பவர்கள் நான்கு பேரின மாற்றங்களையும் ஒரு திரும்புதலையும் காண்பார்கள். ‘ஏழு ஊர் சுற்றி’ என்ற பேச்சு வழக்கை ஒட்டி எழுதிவிட்டேனே யொழிய, கணக்கு ஐந்துதான்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு விதி உண்டு. விஞ்ஞானப் பெயரை அடுத்து, அதனை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படுவது வழக்கம். விவரித்தவர் வைத்த பேரினத்திலேயே இனம் இன்றும் இருக்குமாயின் அவர் பெயர் வெறுமனே எழுதப்படும். வேறு பேரினத்திற்கு மாற்றப்பட்டிருப்பின் அடைப்புக்குறிக்குள் எழுதப்படும். ஆகவே டூட்டா அப்சொலூட்டா (மெய்ரிக், 1917) என்பது சரி. தோரிமேயா அப்சொலூட்டா மெய்ரிக், 1917 என்பதும் சரி. அந்த இரு வளைகோடுகளும் அச்சுப்பிழையல்ல. ஒரு பூச்சி இடம்பெயர்ந்த வரலாறு அவற்றில் அடங்கியிருக்கிறது. பேரினம் எத்தனை முறை மாறினும் அப்சொலூட்டா என்ற இனப்பெயர் மாறாதிருப்பதையும் கவனிக்கவேண்டும். முதலில் முறையாக வெளியிடப்பட்ட இனப்பெயரே நிலைக்கும் என்பது விலங்குப் பெயரீட்டுச் சர்வதேச விதிகளின் அடிப்படை.

இம்மாற்றங்களால் களப்பணியாளருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தோரிமேயாவில் இன்னொரு பூச்சியும் இருக்கிறது: தோரிமேயா ஆபர்குலெல்லா, அதாவது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி. 1906-இல் இத்தாலியிலிருந்து பம்பாய்க்கு வந்த விதைக்கிழங்குகளுடன் இந்தியாவிற்குள் நுழைந்தது அது. இரண்டும் கத்தரிக் குடும்பச் செடிகளையே நாடுபவை. இரண்டும் இலைக்குள் சுரங்கம் தோண்டுபவை. நெருங்கிய உறவினவென்றால், ஒன்றின் ஒட்டுண்ணிகளைப் பற்றி நூறாண்டுகளாகச் சேர்ந்துள்ள அறிவை மற்றொன்றின்பால் முதலில் சோதித்துப் பார்க்கலாம். பேரினம் என்பது பெயர்ப்பலகை மாத்திரமன்று. ‘எங்கே தேடவேண்டும்’ என்று காட்டும் கைகாட்டியுமாகும்.

மாறாகப் பெயர் மாற்றத்தை அறியாதிருப்பதால் விளையும் நஷ்டத்திற்கு என் அனுபவமே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் நெற்பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய ஓர் ஆங்கிலத் தொகுப்பைத் தமிழாக்கும் பணி எனக்குக் கிடைத்தது. அதில் ஓரிடத்தில் ஷோனோபியஸ், பிறிதோரிடத்தில் டிரைபோரைசா, மற்றோரிடத்தில் சிர்போபேகா என்ற பெயர்கள் வந்தன. பூச்சியியல் படியாத நான் மூன்றையும் மூன்று பூச்சிகளாகக் கொண்டு, மூன்றுக்கும் தனித்தனியே தமிழ்ப் பெயர் படைத்துவிட்டேன். அச்சான பின்னர், ஒரு வேளாண் விரிவாக்க அலுவலர் என்னிடம் வந்து, ‘ஐயா, நாங்கள் ஒரே குருத்துப் பூச்சிக்கு மூன்று முறை மருந்தடிக்க வேண்டுமா?’ என்று கேட்டார். மூன்றும் மஞ்சள் தண்டுத் துளைப்பான் ஒன்றையே குறிப்பன. வாக்கர் என்பார் 1863-இல் அதனைச் சைலோ இன்செர்டுலாஸ் என்றும், அதே ஆண்டில் பைபங்டிபெரா என்ற வேறோர் இனப்பெயராலும் இரண்டு இனங்களாக விவரித்திருந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் அவ்வளவு வேற்றுமை. பெண்ணின் மஞ்சள் முன்னிறகில் தெளிவான ஒரு கரும்புள்ளி இருக்கும். ஆண் சிறியது, மங்கிய பழுப்பு நிறம். 1960-இல் காமன் என்பவர் இவற்றிற்கு டிரைபோரைசா என்ற பேரினத்தை வகுத்தார். 1981-இல் லெவனிச் என்ற அம்மையார் அப்பேரினம் தேவையற்றதென்று காட்டிச் சிர்போபேகாவில் சேர்த்தார். இவ்வரலாறு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு பதிப்பு வீணாகியிராது. பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் பெயர்களை முதலில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பெயரின் வால்

அந்துப்பூச்சிகளின் பெயர்களை உற்றுநோக்குவோர்க்கு ஒரு வேடிக்கை புலப்படும். பருத்திச் செந்நிறக் காய்ப்புழு காசிபியெல்லா. உருளைக்கிழங்குப் பூச்சி ஆபர்குலெல்லா. கத்தரித் தண்டு, காய்த் துளைப்பான் ஆர்போனாலிஸ். ‘எல்லா’, ‘ஆலிஸ்’ என்ற ஈறுகள் தற்செயலாக அமைந்தவையல்ல. 1758-இல் லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பில் அந்துப்பூச்சிகளிற் பெரும்பாலானவற்றைப் பலீனா என்ற ஒரே பேரினத்தில் திணித்து, அதனைப் பாம்பிக்ஸ், நாக்டுவா, ஜியோமெட்ரா, டார்ட்ரிக்ஸ், பைராலிஸ், டினியா, அலுசிடா முதலிய பிரிவுகளாக வகுத்தார். பெயரைக் கேட்டவுடன் பிரிவு விளங்கவேண்டுமென்பதற்காக, டார்ட்ரிக்ஸ் இனங்களுக்கு ‘ஆனா’ என்றும், பைராலிஸ் இனங்களுக்கு ‘ஆலிஸ்’ என்றும், டினியா இனங்களுக்கு ‘எல்லா’ என்றும், இறகு பிளந்த அலுசிடா இனங்களுக்கு ‘டாக்டிலா’ என்றும் ஈறு அமைத்தார். டாக்டிலா என்பதற்கு விரல் என்று பொருள். அவ்விறகு ஐந்து விரல்களை விரித்தாற்போலிருக்கும்.

அப்பிரிவுகள் இன்று தனித்தனிக் குடும்பங்களாகவும், குடும்பங்களின் தொகுதிகளாகவும் பிரிந்துவிட்டன. ஆயினும் பழக்கம் ஓரளவு நீடித்தது. 1840-களில் சாண்டர்ஸ் என்பவர் குஜராத்திலுள்ள புரோச்சிலிருந்து வந்த பருத்திக் காய்ப் பூச்சிக்குக் காசிபியெல்லா என்று பெயரிட்டபோது, டினியாவின் வாலை மறவாமல் ஒட்டினார். ஆசிரியர்கள் மாணவர்களிடம் பத்துப் பெயர்களைக் கொடுத்து, வாலை மட்டும் பார்த்துப் பிரிக்கச் சொல்லலாம். விதிவிலக்குகளையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எதைக் கொண்டு பிரிப்பது?

நிறத்தை நம்பலாகாது. செதில்கள் விரல் பட்டவுடன் உதிர்பவை. விளக்குப் பொறியில் விழுந்த பூச்சி விடிவதற்குள் பாதிச் செதிலை இழந்திருக்கும். அதனால்தான் சென்ற நூற்றாண்டுகளின் வகைபாட்டாளர்கள் செதிலுக்கு அடியிலுள்ள நரம்புகளை நாடினர். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திவந்த ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் அவ்வழியிற் பெருமுயற்சி செய்தவர். 1891-இல் நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு நூலும், 1892 முதல் 1896 வரை ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ என்ற வரிசையில் அந்துப்பூச்சிகளுக்கென நான்கு பகுதிகளும் எழுதினார். இறகு நரம்புகளை எண்ணி எண்ணிப் படிப்படியாகக் குடும்பத்தையும் பேரினத்தையும் கண்டுகொள்ளும் திறவுகோல் அட்டவணைகள் அவற்றில் உள்ளன. பெயர்கள் மாறிவிட்டபோதிலும் அவ்வட்டவணைகளை இன்றும் பூச்சியியலார் புரட்டுகின்றனர். அவ்வரிசையில் ஐந்தாம் பகுதி 1937-இல் வந்தது. அதனை எழுதியவர்கள் பெல், ஸ்காட் என்ற இருவர். பொருள், பருந்து அந்துப்பூச்சிகள். பெல் வட கன்னட மாவட்டத்தில் வன அதிகாரியாக இருந்து, ஓய்வுக்குப் பின்னும் கார்வாரிலேயே தங்கி, புழுக்களைத் தாமே வளர்த்துப் பார்த்து எழுதியவர். புழுவும் கூட்டுப்புழுவும் இறகுப் பூச்சியும் ஒன்றே என்று நிறுவுவதற்கு வளர்த்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி அக்காலத்தில் இல்லை; இன்றும் ஒரு பள்ளியில் அதைவிடச் சிறந்த வழி இல்லை.

மெய்ரிக் வேறு வகையினர். மார்ல்பரோவில் பள்ளியாசிரியராயிருந்துகொண்டு, உலகெங்கிலுமிருந்து அஞ்சலில் வந்த சிறு அந்துப்பூச்சிகளைக் கைக்கண்ணாடியால் நோக்கி, 14,000-க்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தார். பீகாரில் பூசாவிலிருந்த பூச்சியியலறிஞர் பிளெட்சர், தம் துறையினர் பயிர்களிலிருந்து வளர்த்தெடுத்தவற்றை அவருக்கு அனுப்பிவந்தார். குடகிலிருந்தும் கார்வாரிலிருந்தும் பல மாதிரிகள் சென்றன. கர்நாடகத்துச் சிறு அந்துப்பூச்சிகள் பலவற்றின் மூல மாதிரிகள் இலண்டனில் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் மெய்ரிக் பூச்சியின் வயிற்றை அறுத்துப் பார்ப்பதை விரும்பாதவர். இன்று அதுவே முதன்மையான சோதனையாகிவிட்டது. பூச்சியின் வயிற்றுப் பகுதியை எரிபொட்டாசுக் கரைசலில் சூடாக்கினால் சதை கரைந்து, கெட்டியான பிறப்புறுப்புக்கள் மட்டும் எஞ்சும். பூட்டும் சாவியும்போல இனத்திற்கு இனம் மாறுபடும் அவ்வுறுப்புக்களைக் கொண்டு, புறத்தோற்றத்தில் ஒன்றேபோலிருக்கும் பூச்சிகளையும் பிரித்துவிடலாம்.

இதற்கு நம் உழவர்கள் யாவரும் அறிந்த ஒரு சான்றுண்டு. புகையிலை வெட்டுப்புழுவைப் பழைய நூல்கள் புரொடீனியா லிட்டுரா என்று கூறும். சிற்றூர்களில் ‘புரொடீனியா’ என்றே இன்றும் சொல்லக் கேட்கலாம். ஆப்பிரிக்காவில் பருத்தியை அழிக்கும் பூச்சியும் இதுவே என்று வெகுகாலம் எண்ணியிருந்தனர். 1960-களின் தொடக்கத்தில் வியெட் என்ற பிரெஞ்சு அறிஞர் பிறப்புறுப்புக்களை ஒப்பிட்டு, ஆசியாவினது ஸ்போடாப்டிரா லிட்டுரா, ஆப்பிரிக்காவினது ஸ்போடாப்டிரா லிட்டொராலிஸ் என இரண்டாகப் பிரித்தார். இன்று நாம் வயலில் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறி இப்பிரிவினையை நம்பியே வேலை செய்கிறது. பொறியிலுள்ள மணப்பொருள் ஓர் இனத்து ஆணையே அழைக்கும். இனம் தவறினால் பொறி காலியாகவே இருக்கும். ‘பூச்சி இல்லை’ என்று எண்ணி உழவர் நிம்மதியாயிருப்பார். புழு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிவமொக்கா மாவட்டத்து மக்காச்சோளத்தில் அதே ஸ்போடாப்டிராப் பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. புழுவின் முகத்தில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அதற்கு அடையாளம். உடலமைப்போடு மரபணுத் துண்டின் வரிசையையும் ஒப்பிட்டு இனம் உறுதி செய்யப்பட்டது. பூச்சியின் ஒரு காலே இச்சோதனைக்குப் போதும். எனினும், அத்துண்டை எதனோடு ஒப்பிடுவது? சரியாகப் பெயரிட்டு அருங்காட்சியகத்தில் வைத்த மாதிரியோடுதான். ஹெப்பாளத்திலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் போன்ற நிலையங்களில் ஊசிகுத்திப் பெட்டிகளில் வரிசையாக வைத்திருக்கும் பூச்சிகளைப் பார்த்து, ‘இது எதற்கு?’ என்று வினவுவோர்க்கு விடை இதுவே.

அதிகம் அறியப்படாத மூவர்

பெயர் பெற்ற எதிரிகளைப் பற்றியே சொல்லிவிட்டேன். இனி, வெளியில் அதிகம் பேசப்படாத மூன்று அந்துப்பூச்சிகளை அறிமுகம் செய்யலாம். இவற்றுள் இரண்டு நமக்கு நண்பர்கள்.

முதலாவது, மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயரையே தாங்கியிருப்பது: சஹ்யாத்ராசஸ் மலபாரிகஸ். 1879-இல் மூர் என்பவர் இதனைப் பாசஸ் என்ற பேரினத்தில் விவரித்தார். 1941-இல் டிண்டேல் என்ற ஆஸ்திரேலிய அறிஞர், இது மற்றெவற்றோடும் ஒட்டாததைக் கண்டு, சஹ்யாத்ரியின் பெயரால் தனிப் பேரினம் அமைத்தார். அப்பேரினத்தில் இந்த ஓரினமே உள்ளது. உலகில் வேறெங்கும் இது கிடையாது. ஹெபியாலிடே என்ற இதன் குடும்பம் அந்துப்பூச்சிகளுள் மிகப் பழமையான கிளைகளுள் ஒன்று. பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் பின்னிறகிலிருந்து எழும் ஒரு முள், முன்னிறகிலுள்ள கொக்கியில் மாட்டி, இரண்டு இறகுகளும் ஒன்றாக அடிக்கும்படி இணைக்கிறது. ஆணில் அம்முள் ஒன்றே. பெண்ணிற் பெரும்பாலும் பல. கைக்கண்ணாடியிருந்தால் இதனைக் கொண்டே ஆண் பெண் அறியலாம். ஹெபியாலிடேயில் அம்முள் இல்லை. அதற்கு மாறாக முன்னிறகின் அடியிலிருந்து ஒரு சிறு மடல் பின்னோக்கி நீண்டிருக்கும். மற்றவற்றில் பின்னிறகின் நரம்புகள் குறைந்திருக்க, இதில் இரண்டு இறகுகளின் நரம்புகளும் ஏறக்குறைய ஒரேமாதிரி. உணர்கொம்பு மிகக் குட்டை. தேனுறிஞ்சும் குழல் பயனற்றுச் சுருங்கியது. ஆதலால் இறகு முளைத்தபின் இப்பூச்சி உண்பதில்லை. செதிலிறகிகளின் முன்னோர் எவ்வாறிருந்திருக்கலாம் என்று வகுப்பில் விளக்க இதனினும் சிறந்த உதாரணம் நம் மலைகளில் கிடைப்பதரிது.

வனத்துறையினர் இதன் புழுவை வேறு காரணத்திற்காக அறிவார்கள். இளந்தேக்கின் தண்டைத் துளைத்து நடுவே நீண்ட வளை அமைத்து, வளையின் வாயை மரத்தூளும் இழையும் கலந்த தடித்த மூடியால் மறைத்துக்கொள்ளும். மூடி கண்ணிற் பட்டால் புழு உள்ளே இருக்கிறதென்று கொள்ளலாம். தைலமரக் கன்றுகளிலும் வேறு பல மரங்களிலும் இதனைக் காணலாம். துளைத்த இடத்திற் கன்று காற்றுக்கு முறிவதுமுண்டு.

இரண்டாவது, கரும்புத் தோட்டத்தில் வாழும் எபிரிகேனியா மெலனோலூகா. இதன் குடும்பமான எபிபைரோபிடே மிகவும் விநோதமானது. அந்துப்பூச்சியின் புழு என்றால் இலையைத் தின்பது என்றுதானே எண்ணுகிறோம்? இப்புழு மற்றொரு பூச்சியின் உடலின்மேல் ஒட்டி வாழ்ந்து அதன் சாற்றைக் குடிக்கிறது. கரும்பின் சாற்றை உறிஞ்சும் பைரில்லாத் தத்துப்பூச்சியின் குஞ்சுகளின் மேலும் வளர்ந்தவற்றின் மேலும் இது ஏறிக்கொள்ளும். வளர வளர வெண்மெழுகு பூசினாற்போல் ஆகும். முடிவில் இலைமேல் இறங்கி வெண்ணிறக் கூடு கட்டும். பைரில்லா பெருகிய வயலில் ஹெக்டேருக்கு 4,000 முதல் 5,000 கூடுகள் வரை விடலாமென்று பரிந்துரை உள்ளது. கூடுகள் ஒட்டிய இலைத் துண்டுகளை ஒரு வயலிலிருந்து வெட்டியெடுத்துப் பிறிதொரு வயலின் இலைகளில் பிணைத்துவிட்டாலே போதும், வேறு செலவில்லை. ஆனால் வெள்ளைக் கூடுகளைக் கண்டு புதுப்பூச்சியென அஞ்சி மருந்தடித்து விடுவோரும் உண்டு. பைரில்லாவும் சாகும், அதனைக் கொல்பவனும் சாவான். மீண்டும் தலையெடுப்பது பைரில்லாதான்.

மூன்றாவதும் கரும்பைச் சார்ந்ததே: டைபா அபிடிவோரா. இனப்பெயரை விவரித்தவர் அதே மெய்ரிக், 1934-இல். அபிடிவோரா என்றால் அசுவினி தின்பது என்று பொருள். இது நீண்டகாலம் கோனோபாத்ரா என்ற பேரினத்திலும் வைத்து எண்ணப்பட்டது. கதிர்த்துளைப்பான், தானிய அந்து முதலிய பயிர்ப்பகைவர்கள் நிறைந்த பைராலிடேக் குடும்பத்தில் இப்படி ஊனுண்ணும் நண்பன் தோன்றியிருப்பது வியப்பு. 2002-இல் மகாராஷ்டிரத்தின் தென்பகுதியிலும், தொடர்ந்து வட கர்நாடகத்திலும் கரும்புக் கம்பளி அசுவினி பெருவாரியாகத் தோன்றி, இலைகளின் அடிப்புறமெல்லாம் வெண்பஞ்சு படிந்தது. உயர்ந்து வளர்ந்த கரும்பிற்குள் நுழைந்து மருந்து தெளிப்பது இயலாத காரியம். அந்நாளில் அசுவினிக் கூட்டத்தினிடையே இழைப்பந்தல் கட்டிக்கொண்டு தின்று தீர்த்த புழு இதுவே. பெங்களூருவிலிருந்த உயிரியற் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்குநரகமும் (இன்றைய பூச்சி வளங்கள் பணியகத்தின் முன்னோடி) பிற நிலையங்களும் இதனையும், மைக்ரோமஸ் என்ற வலையிறகுப் பூச்சியையும் நிழல்வலைக் கூடங்களில் பெருக்கி வயல்களில் விட வழிசெய்தன. பெயரே அதன் தொழிலைச் சொல்லிக்கொண்டு நின்றபோதிலும், அசுவினி வருமுன் அந்நூற் பக்கத்தைத் திறந்தோர் சிலரே.

குடும்பங்களும் மாறின

பாடநூல் வைத்துக் கற்பிப்போர்க்கு ஒரு செய்தி. நிலக்கடலையின் சிவப்புக் கம்பளிப்புழு ஆர்க்டிடே என்ற குடும்பம் என்றும், மயிர்க்கொத்துப் புழுக்கள் லைமான்ட்ரிடே என்றும், ஆமணக்குக் காவட்டைப் புழு நாக்டுயிடே என்றும் நாம் படித்தோம். மரபணுச் சான்றுகளைக் கொண்டு 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் இம்மூன்றும் எரிபிடே என்ற ஒரே பெருங்குடும்பத்தில் அடக்கப்பட்டன. ஆர்க்டிடேயும் லைமான்ட்ரிடேயும் அதன் உட்குடும்பங்களாயின. பச்சைக் காய்ப்புழுவும் வெட்டுப்புழுவும் மட்டும் நாக்டுயிடேயிலேயே நிற்கின்றன. பழைய நூல் தவறென்று மாணவர்களிடம் சொல்லவேண்டியதில்லை. பழைய நூல் எவ்வாண்டினது என்று காட்டினாற் போதும். தேர்வுத்தாள் திருத்துவோர் இரண்டு விடைகளையும் ஏற்பது நியாயமாகும்.

இனம் அறியப் பூச்சியை நிலையத்திற்கு அனுப்ப விரும்புவோர் இவற்றைக் கைக்கொள்ளவும். பூச்சியை விரலால் பிடிக்காமல் குழாயிலோ சிறு புட்டியிலோ அடக்கவும். பஞ்சில் அழுத்தினால் செதில் போய்விடும். இறகுப் பூச்சியை உலர்ந்த நிலையில், தாளை முக்கோணமாக மடித்த உறையில் வைக்கவும். புழுவைக் கொதிநீரில் ஒரு கணம் இட்டெடுத்துப் பின்னர் ஆல்கஹாலில் இடவும்; நேரே ஆல்கஹாலில் இட்டால் கறுத்துவிடும். மரபணுச் சோதனைக்கெனில் கொதிநீரில் இடாமல், தூய ஆல்கஹாலில் மட்டுமே வைக்கவும். ஒரே வயலிலிருந்து ஐந்தாறு பூச்சிகளையேனும் அனுப்பவும். பெண் மட்டும் கிடைத்தால் சில இனங்களை உறுதியாகச் சொல்லவியலாது. பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொரு குழாயினுள்ளும் இருக்கவேண்டும். மை எழுத்து ஆல்கஹாலில் கரைந்துவிடும். சீட்டில் ஊர், வட்டம், மாவட்டம், நாள், எந்தச் செடியின் எந்த உறுப்பில் கண்டது, எடுத்தவர் பெயர் ஆகியன குறிக்கப்படல்வேண்டும். பூச்சியின் பெயரென்று ஒன்றை ஊகித்து எழுதவேண்டா. அவ்விடத்தை வெறுமையாக விடுக.